அப்பாவு வந்துபோன மத்தியானங்கள்

நூறு வயசு வரைக்கும் உயிரோடு இருப்பது என்று போன மாசி மாசம் ஒரு திங்கட்கிழமை முடிவெடுத்தேன். அதற்குமுன் அப்படி ஒரு ஆசையே எனக்கு இருந்ததில்லை. கம்பெனியில் போட்ட மெடிக்கல் கேம்ப்தான் கிளப்பிவிட்டது.

என் பேர் ஸ்டீபன். வயசு நாற்பத்தேழு. தேர்வாய் கண்டிகையில் கண்ணாடி உருக்குகிற கம்பெனியில் ஆப்பரேட்டர். ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் நைட் ஷிப்ட். அன்றைக்கு டாக்டரம்மா ஒருவர் வந்து, கேன்ஸர் ஆபத்தைக் குறைப்பது எப்படி என்று மைக்கில் பேசினார். கீரை, பருப்பு, பழம், கேழ்வரகு நிறைய சாப்பிடணும். சரக்கு வேண்டாம். காய்ச்சின எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சக் கூடாது. கருவாட்டைக் குறைக்கணும். தொப்பையைக் குறைக்கணும். தினம் அரை மணி நேரம் நடக்கணும்.

"இதெல்லாம் செஞ்சா வரவே வராதுன்னு சொல்லல. வர்ற வாய்ப்பு குறையும்," என்றார். கைதட்டினோம்.

பிறகு ஒவ்வொருத்தராக வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். என் முறை வந்தது. அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"பாக்குப் பொட்டலம் போடுறீங்களா?"

"எப்பவாச்சும் மேடம்."

"எப்பவாச்சும்னா?"

"தூங்குற நேரம் போக."

"இடது கன்னத்துக்குள்ள வெள்ளையா ஒரு தடிப்பு இருக்கு. இப்ப இது கேன்ஸர் இல்ல. இப்படியே விட்டா ஆகலாம். நடக்கிறது, கீரை எல்லாம் சரி. ஆனா முதல்ல புகையிலையை நிறுத்துங்க. ஆறு வாரத்துல நான் பாக்கணும். அப்பவும் மறையலைன்னா துண்டு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்."

ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலி. எட்டு மாசமாகவே காலி. அது அப்பாவு உட்கார்ந்த சீட். எனக்குப் பக்கத்து ஊடு, பக்கத்து சீட், ஒரே பொட்டலம். பதினஞ்சு வருஷம் பங்கு போட்டுப் போட்டோம். காலிப் பொட்டலத்தை முக்கோணமாக மடித்து சீட் இடுக்கில் செருகுவான். அவனைத் தவிர வேறு யாரும் அப்படி மடித்து நான் பார்த்ததில்லை. பைக்கில் விழுந்ததிலிருந்து வலது காலை இழுத்து நடப்பான். சர்ர்... டக். சர்ர்... டக். போன வருஷம் அவனுக்கு வாய்க்குள் புண் வந்தது. ஆறவில்லை. கடைசி நாலு மாசம் பேச்சும் போய்விட்டது. பிறகு அவனே போய்விட்டான்.

அதை நினைத்தால் யாரும் அன்றைக்கே பொட்டலத்தைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். நான் கணக்குப் போட்டேன். டாக்டரம்மா சொன்னது பத்து விஷயம். ஒன்பதை ஒழுங்காகச் செய்தால் தொண்ணூறு மார்க். தொண்ணூறு மார்க் வாங்குகிறவனை யார் ஃபெயில் ஆக்குவார்கள்? அந்தப் பத்தாவதை மட்டும் என் பெண்டாட்டியிடம் சொல்லாமல் விட்டால் ஆயிற்று.

என் பெண்டாட்டி பேர் மெர்சி. இரக்கம் என்று அர்த்தம். அது பேரோடு சரி. கும்மிடிப்பூண்டியில் மசாலா பாக்கெட் போடுகிற கம்பெனியில் வேலை. காலை எட்டு மணிக்குப் போனால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வருவாள்.

"மெர்சி, இன்னிலேர்ந்து நான் வேற மனுசன். கேன்ஸர் கிட்ட வராத மாதிரி சாப்புடப் போறேன்."

"நெசமாவா?"

"நெசமா. வறுத்தது வாணாம். கருவாடு வாணாம். கீரை போடு."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். கண் லேசாகக் கலங்கியிருந்தது. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாளிலிருந்து ஆரம்பித்தது.

"நாஷ்டாக்கு இன்னா கீது?"

"கேவுரு அடை கீது. கீரை போட்டது."

"மத்தியானத்துக்கு?"

"கீரை கீது."

"வேற இன்னா கீது?"

"கீரைதான் கீது."

"கீதுன்றியா, கீரைன்றியா?"

"ரெண்டும் ஒண்ணுதான். துன்னுங்க."

தின்றேன். கீரைக்குப் பின்னால் எனக்கு ஒரு பொட்டலம் இருக்கிறது என்கிற தைரியத்தில் தின்றேன். என்கூட வேலை செய்கிற வீரராகவன்தான் வாங்கித் தருவான். அவனும் அதே கேஸ்தான். முதல் பொட்டலங்களை ஹெல்மெட் உள்பஞ்சுக்குள் ஒளித்தேன்.

அடுத்த வாரம் நைட் ஷிப்ட். காலை ஏழு மணிக்கு வந்து, மெர்சி வேலைக்குப் போனதும் முன்கதவைத் தாழ் போட்டுப் படுத்தேன். எழுந்தபோது மத்தியானம் மூணு. ஊட்டில் நான் மட்டும். ஹெல்மெட்டை எடுத்தேன். பஞ்சுக்குள் விரலை விட்டேன்.

பொட்டலம் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. காலி. முக்கோணமாக மடித்திருந்தது.

ஹெல்மெட் கையிலிருந்து விழுந்து உருண்டது. அது நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நைட் ஷிப்ட் தூக்கக் கலக்கம். நானே போட்டிருப்பேன். நானே மடித்திருப்பேன். பதினஞ்சு வருஷம் பார்த்த கை, தானாக மடித்திருக்கும்.

அடுத்த ஸ்டாக்கை மாதா படத்துக்குப் பின்னால் வைத்தேன். மறுநாள் மத்தியானம் பார்த்தேன். மூன்று முக்கோணங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக.

கடைசியாகப் பீரோவைத் திறந்து கல்யாணக் கோட்டின் உள்பைக்குள் வைத்தேன். இருபத்திரண்டு வருஷமாக நாங்கள் இரண்டு பேருமே அந்தக் கோட்டைத் திரும்பிப் பார்த்ததில்லை. அன்றைக்குப் படுத்தும் தூக்கம் வரவில்லை. வெளியில் நல்ல வெயில். மேலே தகர ஷீட் சூட்டில் டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. மணி ரெண்டு இருக்கும்.

ஊட்டுப் பின்பக்கம் கேட்டது.

சர்ர்... டக்.

மூச்சை நிறுத்தினேன்.

சர்ர்... டக். சர்ர்... டக்.

சமையல்கட்டைத் தாண்டி அது பக்கத்து ரூமுக்கு வந்தது. பீரோ கதவு முனகியது. கோட்டில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கவர் சரசரத்தது. பிறகு ஒரு இருமல். அடக்கின, காய்ந்த இருமல். அப்பாவு கடைசி நாட்களில் இருமின மாதிரியே. நான் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். பங்குனி மாச வெயிலில், நடுமத்தியானத்தில், கம்பளிப் போர்வை. சத்தம் திரும்பிப் போனது. அரை மணி நேரம் கழித்து எழுந்து போய்ப் பார்த்தேன். கோட்டுப் பையில் ஒரு முக்கோணம்.

சாயங்காலம் மெர்சி வந்ததும் கேட்டேன்.

"நீ இன்னிக்கு மத்தியானம் ஊட்டுக்கு வந்தியா?"

"லீவு குடுத்தா வரமாட்டேனா? இன்னாங்க, வேர்த்துக் கொட்டுது?"

"மெர்சி... செத்தவங்க வருவாங்களா?"

அவள் பையைக் கீழே வைத்தாள். "யாரு வந்தா?"

"சும்மா கேட்டேன்."

"எதுக்கு வருவாங்க? உசுரோட இருக்கச்சே அவங்ககூடப் பங்கு போட்ட பொருள் இன்னும் இங்க இருந்தா, அதைத் தேடிக்கினு வருவாங்கன்னு எங்க ஆயா சொல்லும். உங்ககிட்ட அது மாதிரி எதுனா கீதா?"

"சேச்சே. என்னான்ட இன்னா கீது?"

"கீரை கீது. வந்து துன்னுங்க."

மறுநாள் எனக்கு வார லீவு. விடிந்து வெளிச்சம் வந்ததும் ஏரிக்கரைக்கு நடக்கப் போனேன். அதுவும் டாக்டரம்மா சொன்னதுதான். தண்ணீர்மேல் பனிப்புகை நின்றது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் வாரமெல்லாம் கரைக்குப் போகிற வழியில் டீக்கடையில் உட்கார்ந்து அரை மணி நேரத்தை ஓட்டிவிட்டு வருவேன். அன்றைக்குக் கடை பூட்டியிருந்ததால் கரை ஏறினேன். கால் கிலோமீட்டர் போயிருப்பேன். பின்னால், புகைக்குள்ளிருந்து கேட்டது.

சர்ர்... டக்.

நின்றேன். அதுவும் நின்றது. நடந்தேன். அதுவும் நடந்தது.

டாக்டரம்மா நடக்கத்தான் சொன்னார். நான் ஓடினேன். ஊடு வந்து சேருகிற வரைக்கும் ஓடினேன். என்னிடம் மிச்சமிருந்த கடைசிப் பொட்டலத்தைப் பனியன் மடிப்பிலிருந்து எடுத்து, கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். "அப்பாவு, உன் பங்கும் இதுலயே கீது. எடுத்துக்கினு போயிடு நைனா," என்று கைகூப்பினேன். எந்த இடத்தில் நின்று யாரை வேண்டிக்கொள்வது என்றெல்லாம் அப்போது பார்க்கவில்லை.

அதன்பிறகு தொடவே இல்லை. முதல் பத்து நாள் எதைப் பார்த்தாலும் எரிச்சல். கண்ணாடி கம்பெனியில் கண்ணாடியைப் பார்த்துக் கத்தினேன். வீரராகவன் நீட்டினபோதெல்லாம் அந்த சர்ர்... டக் காதில் கேட்டது. "வாணாம்டா, அவன் பாக்குறான்," என்பேன். வீரராகவன் சுற்றிமுற்றிப் பார்ப்பான். வெறும் வாயில் சீரகத்தை மென்றேன். பெல்ட்டில் புதுசாக ரெண்டு ஓட்டை போட்டேன். கீரையில் எது அரைக்கீரை, எது முளைக்கீரை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

ஆறாவது வாரம் டாக்டரம்மா டார்ச் அடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கு அப்பாவுவின் வாய் ஞாபகம் வந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"நல்லா மங்கிப்போச்சு ஸ்டீபன். டெஸ்ட் இப்ப வேணாம். ஆனா விடாம வந்து காட்டணும். எப்படி நிறுத்தினீங்க?"

"மன உறுதி மேடம்," என்றேன்.

திரும்பி வரும்போது தெருமுனையில் பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்தேன். பட்டப்பகல். பின்னால் கேட்டது.

சர்ர்... டக்.

இந்தத் தடவை ஓடத் தெம்பில்லை. மெதுவாகத் திரும்பினேன். அப்பாவுவின் பெண்டாட்டி செண்பகம், தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். காலில் ஆம்பளைச் செருப்பு. அவள் காலைவிட ரெண்டு மடங்கு பெரிசு. வலது செருப்பின் வார் இற்றுப்போய்த் தரையில் இழுபட்டது.

நான் செருப்பைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்தாள்.

"அவரு செருப்புண்ணா. தூக்கிப் போட மனசு வர்ல. போட்டுக்கினே சுத்துறேன்."

"செண்பகம்... எங்க ஊட்டுக்கு வந்தது நீயா?"

"மெர்சி பின்கதவுத் தாப்பாள எடுத்து வெச்சுட்டுப் போவா. அவதான் சொன்னா. எதெது எங்க இருக்கும்ன்றதும் அவதான் சொன்னா."

"அந்த முக்கோணம்?"

"எங்க ஊட்ல கூட்டும்போதெல்லாம் அதாண்ணா வரும். எனக்கு மடிக்கத் தெரியாதா?"

"இருமல்?"

"மெய்யாவே இருமல்ணா. அந்தப் பொட்டலத்தைப் பிரிச்சாலே எனக்குத் தொண்டை அடைக்கும்."

"ஏரிக்கரை?"

"நீங்க நடக்குறீங்களா, டீக்கடைல உக்காந்துகினு கீறீங்களான்னு பாக்க அனுப்பினா."

எனக்குக் கோபம் வந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சொன்னாள்.

"நாலு மாசம் ஸ்பூன்ல கஞ்சி ஊத்தினேண்ணா. ஊத்துனதுல பாதி கன்னத்து ஓட்டை வழியா வெளிய வரும். மெர்சிக்கு அது வாணாம்."

குடத்தை நானே தூக்கிக்கொண்டுபோய் அவள் வாசலில் வைத்தேன்.

சாயங்காலம் மெர்சி வந்தாள். என்னதான் இருந்தாலும் நான் புருஷன். கொஞ்சமாவது விறைப்பாக இருக்கவேண்டும் அல்லவா?

"எல்லாம் தெரிஞ்சுபோச்சு மெர்சி."

"செண்பகம் சொல்லிட்டா."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"கேம்ப் நடந்த அன்னிக்கே சட்டையத் தோய்க்கச்சே சீட்டு பாத்தேன். அன்னிக்கு ராத்திரி எனக்கு சோறு எறங்கல. நீங்க கீரை கேட்டுக்கினு நிக்கிறீங்க."

"என்னான்டயே கேட்டுக்கலாமே. புருஷனைப் பேய் காட்டி பயமுறுத்தறதா?"

"கேட்டா சத்தியம் பண்ணுவீங்க. இருவத்திரண்டு வருசத்துல எத்தினி சத்தியம்? என்னை ஏமாத்திடுவீங்க. செத்தவரை ஏமாத்துவீங்களா?"

பேச்சை மாற்றினேன்.

"சரி, முடிஞ்சுது. நான்தான் விட்டுட்டேன். இனிமே இந்தப் பேய் வேலையெல்லாம் வாணாம். பாவம், செண்பகத்துக்கும் பேஜாரு."

"ஆமாங்க, அவளுக்கு நாளைலேர்ந்து எங்க கம்பெனிலயே வேலை கெடைச்சிருக்குது. மத்தியானத்துல வர முடியாது."

"நல்லதாப் போச்சு."

"நல்லதுதான். ஆனா வீரராகவனோட பொண்டாட்டி நேத்து வந்து அழுவுது. அவருக்கும் வாய்க்குள்ள வெள்ளையா கீதாம். கீரையும் துன்றாராம், பொட்டலமும் போடுறாராம்."

"ஐயோ பாவம். அதுக்கு நான் இன்னா பண்றது?"

மெர்சி தட்டில் கீரையைப் போட்டு என் முன்னால் நகர்த்தினாள்.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு அவங்க பின்கதவு தொறந்திருக்கும். இனிமே அப்பாவு நீங்கதான்."