தடைபோடு படலம்

தன் திருமேனியில் சரிபாதியை மனையாட்டிக்குக் கொடுத்துவிட்டு, அதன் பின்னும் ஆனந்தக் கூத்தாடும் பெருமானே, முதற்கண் உன் பாதம் பணிகிறேன். உனக்குப் பாதியேனும் மிஞ்சியது. அந்த உபாயத்தை அடியேனுக்கும் அருளியிருந்தால் இதை எழுதும் நிலை வந்திராது.

இனி ஆளைச் சொல்கிறேன். என் மனைவியின் பெயர் சீதாலெட்சுமி. நான் அவளுடைய கணவன். மலேசியாவில் எங்கள் ஊரான கிள்ளானில் என்னை யாரும் வேறு விதமாக அறிமுகப்படுத்துவதில்லை.

சனிக்கிழமை தோறும் மாலை ஐந்து மணிக்குக் கோயில் மண்டபத்தில் திருமுறை விளக்கம் செய்து வருகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாயின. வெள்ளம் வந்த வாரத்திலும் ஒத்திவைத்ததில்லை. அன்று வந்திருந்தவை நான்கு தவளைகள்தாம். எனினும் அவை இறுதிவரை இருந்து கேட்டன.

முன்வரிசையில் நடுநாற்காலி சீதாலெட்சுமிக்கு உரியது. ஒரு சொல்லைப் பிரித்து நான் பொருள் சொன்னதும் அவள் மெல்லத் தலையசைப்பாள். அவ்வசைவைக் கண்ட பிறகே எனக்கு அடுத்த வரி வரும். அந்த நாற்காலி மூன்று சனிக்கிழமைகளாகக் காலி.

முதல் வாரம் முழங்கால் வலி என்றாள். இரண்டாம் வாரம் தலைவலி. மூன்றாம் வாரம் வலிப்பதற்கு உறுப்புக் கிடைக்கவில்லை போலும், காரணமே சொல்லவில்லை.

அன்று விளக்கத்தை வழக்கத்துக்கு முன்னதாகவே நிறைவு செய்து வீடு திரும்பினேன். காரை நிறுத்தும்போதே உள்ளிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது. இளங்குரல். அதுவும் தமிழ்க்குரல்.

கதவைத் திறந்தேன். சோபாவில் சீதாலெட்சுமியும் பக்கத்து வீட்டு நல்லம்மாளும் அமர்ந்திருந்தார்கள். நடுவில் முறுக்குத் தட்டு. தொலைக்காட்சியில் ஒரு வண்ணக் காடு. அதற்குள் சிற்றுருவங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன.

"யாரு சீதா இது?"

"ஜீவன்."

"எந்த ஜீவன்?"

"வீடியோ கேம் போட்டிக்கு கமெண்டரி சொல்ற தம்பி. கொஞ்சம் சும்மா இருங்க, சண்டை ஓடுது."

சும்மா இருத்தலின் பெருமையை மண்டபத்தில் மூன்று வாரம் விரித்துரைத்தவன் நான். அது எத்துணைக் கடினம் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

"என்னா குரல் பாருங்க அண்ணே," என்றாள் நல்லம்மாள். "கேட்டுக்கிட்டே இருக்கலாம் லா."

எனக்குப் பொறாமை வரவில்லை. அறுபத்தெட்டு வயதில் பொறாமை அழகன்று. அன்றிரவு புட்டு தொண்டையில் சிக்கியது. மறுநாள் காலை உப்புநீரில் வாய் கொப்பளித்தேன். குளியலறையில் நின்று என் குரலை இரண்டு படி உயர்த்திப் பார்த்தேன். இவற்றுக்கும் ஜீவனுக்கும் தொடர்பில்லை.

அவன் பொருள் சொல்கிறான். நானும் பொருள் சொல்கிறேன். அவனுக்கு அவள் செவி கிடைத்தது; எனக்குக் காலி நாற்காலி கிடைத்தது. எனவே ஓர் உறுதி பூண்டேன். அவ்வாட்டத்தைக் கசடறக் கற்பேன். அவன் உரையில் பிழை காண்பேன். அவள் முன்னிலையில் அதை எடுத்துக்காட்டுவேன்.

"சீதா, எனக்கும் சொல்லிக் குடு. நானும் பாக்குறேன்."

அவள் வியப்படையவில்லை. "நோட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க," என்றாள்.

உட்கார்ந்தேன்.

"அஞ்சு பேரு இந்தப் பக்கம், அஞ்சு பேரு அந்தப் பக்கம். எதிராளி கோட்டைய இடிச்சா ஜெயிச்சாச்சு. நம்ம டீம் கிள்ளான் வேங்கைகள். எடுத்த எடுப்புல எல்லாத்தையும் பாக்காதீங்க, தலை சுத்தும். மூலையில சின்னதா ஒரு வரைபடம் இருக்கு பாருங்க. அதுல யாரு காணாம போறாங்கன்னு மட்டும் பாருங்க."

"காணாம போறவன எதுக்குப் பாக்கணும்?"

"காணாம போறவன்தான் வந்து அடிக்கப் போறான்."

"அடிச்சுட்டான். நம்ம ஆளு செத்துட்டான் சீதா."

"முப்பது வினாடில வந்துருவான்."

பிறவாமை வேண்டி நாம் நாள்தோறும் கைகூப்புகிறோம். இங்கே அரை நிமிடத்துக்கு ஒரு பிறவி. இறந்தவன் அதைப் பொருட்படுத்தவே இல்லை.

என் உள்ளத்தைக் கவர்ந்தது ஆட்டத்துக்கு முந்திய சடங்கு. எதிரணி எந்த வீரரை எடுத்தால் நமக்கு ஆபத்தோ, அவரை எடுக்கவிடாமல் முன்கூட்டியே தடை செய்யலாம். தடைகளுக்கு ஓர் எண்ணிக்கை உண்டு. அவை தீர்ந்த பின் மாறி மாறித் தேர்வு செய்வார்கள். ஒருவர் எடுத்ததை மற்றவர் தொட முடியாது.

"பாதி ஆட்டம் இங்கயே முடிஞ்சிரும்ங்க," என்றாள் சீதாலெட்சுமி. "அவன் எதுக்குத் தடை போடுறான்னு பாத்தாலே, அவனுக்கு எதுல பயம்னு தெரிஞ்சிரும்."

அதை நோட்டில் அழகாக எழுதி அடிக்கோடும் இட்டேன். அதோடு சரி.

புதன்கிழமை இடி விழுந்தது.

"சனிக்கிழமை ஃபைனல்," என்றாள். "புக்கிட் ஜாலில் ஸ்டேடியத்துல. நானும் நல்லம்மாளும் போறோம். ஜீவன் தம்பி நேர்ல வருது."

"சனிக்கிழமை என் நிறைவு விளக்கம். பிரிக்ஃபீல்ட்ஸ்லேர்ந்து தலைமை தாங்க ஆள் வராங்க."

"தெரியும்."

"நடு நாற்காலி?"

"என் கைப்பைய வெச்சிருங்க."

இரவு முழுதும் சிந்தித்தேன். வியாழன் காலையில் தெளிவு பிறந்தது. அவள் கற்றுத்தந்த வித்தையாலேயே அவளை வெல்வது என்று துணிந்தேன். நல்லம்மாள் ரசக் கிண்ணத்தோடு வந்திருந்தாள். அவளையே நடுவராக நியமித்தேன்.

"ஆளுக்கு ரெண்டு தடை, ஒரு தேர்வு. பேச்சு மாறக்கூடாது. சம்மதமா?"

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிச்சாச்சு. முதல் தடை என்னுது."

"அப்ப முதல் தேர்வு என்னுது."

"எடுத்துக்கோ."

புக்கிட் ஜாலிலுக்குத் தடை. இதுவே என் திட்டம். அச்சொல் நாவின் நுனிக்கு வந்துவிட்டது. அந்நேரம் பார்த்து அவள் நல்லம்மாள் பக்கம் திரும்பினாள்.

"நல்லம்மா, அந்த நீலச் சேலைய அயர்ன் பண்ணணும். ஜீவன் தம்பியோட நின்னு படம் எடுக்கறப்ப எடுப்பா இருக்கும்."

நீலச் சேலை எங்கள் மணிவிழாவுக்கு எடுத்தது. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஏழு கடை ஏறி இறங்கி, எட்டாவது கடையில் நான் தெரிந்தெடுத்தது.

"அவனோட படம் எடுக்கிறதுக்குத் தடை," என்றேன். என் குரல் எனக்கே புதிதாயிருந்தது.

"போச்சு லா," என்று பெருமூச்செறிந்தாள். "என் தடை: கோவிச்சுக்கிட்டு சாப்பிடாம படுக்கிறது."

என் முதல் ஆயுதம் பறிபோனது. போகட்டும், இரண்டாம் தடை இருக்கிறது. மீண்டும் புக்கிட் ஜாலிலை நோக்கி வாய் திறந்தேன்.

"படம் போனா போகுது," என்றாள் நல்லம்மாளிடம். "குரலு இருக்குல்ல. சமைக்கும்போது போனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டா, பேச்சுத் துணை மாதிரி இருக்கும்."

பேச்சுத் துணை. முப்பத்தொன்பது ஆண்டுகளாக நான் வகித்துவரும் பதவி.

"இந்த வீட்டுக்குள்ள அவன் குரலுக்குத் தடை."

அவள் தலை கவிழ்ந்தாள். தோள்கள் குலுங்கின. அழுகை என்று எண்ணி எனக்கே இரக்கம் பிறந்தது.

"என் ரெண்டாவது தடை," என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "பேச்சுக்கு நடுவுல சாமிய இழுக்கிறது."

வில்லும் போயிற்று, அம்பும் போயிற்று.

"இப்ப என் தேர்வு. சனிக்கிழமை, புக்கிட் ஜாலில்."

"அது வந்து..."

"நீங்க தடை போடலயே."

"போடல அண்ணே," என்றாள் நல்லம்மாள். "ரெண்டையும் நான்தான் எண்ணினேன்."

எஞ்சியது என் ஒரே தேர்வு. சனிக்கிழமையை அவள் எடுத்துவிட்டாள். கைப்பையைப் பார்த்து நிறைவு விளக்கம் செய்ய என்னால் ஆகாது. அதற்கும் மேலாக, நீலச் சேலை புக்கிட் ஜாலிலில் நிற்கும்; ஜீவனும் அங்கு நிற்பான்; நான் விதித்த தடையை அங்கே காவல் காப்பது யார்?

"நானும் வரேன்," என்றேன். "விளக்கத்த ஞாயித்துக்கிழமைக்கு மாத்திக்கிறேன்."

"உங்க தேர்வு, உங்க இஷ்டம்."

கோயில் செயலாளர் சொக்கலிங்கத்துக்குத் தொலைபேசினேன். இருபத்திரண்டு ஆண்டுகளில் முதல் ஒத்திவைப்பு. தவிர்க்க இயலாத திருப்பணி என்று ஒரு பொய்யும் சொன்னேன். "சரிங்க ஐயா," என்றார். காரணத்தைத் துருவவில்லை. என்பால் அவருக்குள்ள மதிப்பை எண்ணி நெகிழ்ந்தேன்.

சனிக்கிழமை பிற்பகல் இருவரையும் ஏற்றிக்கொண்டு போனேன். அரங்கு நிறைய இளைஞர்கள். வேட்டியும் திருநீறுமாய் நான் ஒருவன். என் கழுத்தில் வேங்கைக் கோடு போட்ட ஒரு துண்டைச் சுற்றிவிட்டாள் சீதாலெட்சுமி. மேடையில் ஜீவன் தோன்றினான். நான் அஞ்சியதைவிடக் குள்ளம். மனம் சற்றே குளிர்ந்தது. ஒலிபெருக்கியில் அவன் வாய் திறந்ததும் இருக்கைகள் அதிர்ந்தன.

சீதாலெட்சுமி கைப்பையிலிருந்து பஞ்சை எடுத்தாள். விளக்குக்குத் திரி திரிப்பதுபோல் இரண்டு திரித்து, இரு செவிகளிலும் அடைத்துக்கொண்டாள்.

அவள் தோளைத் தொட்டேன். ஒரு பஞ்சை மட்டும் எடுத்தாள்.

"காது வலியா சீதா?"

"அந்தத் தம்பி கத்துற கத்துக்கு வலிக்காதா? வீட்டுல சத்தத்த அமத்திட்டுத்தான் பாப்போம்."

"நான் வரப்பல்லாம் கேட்டுச்சே."

"உங்க கார் சத்தம் கேட்டாத்தான் கூட்டி வெப்பேன்."

"எதுக்கு?"

"எனக்கும் நல்லம்மாளுக்கும் ஹைவேல ஓட்டத் தெரியாது. வாங்கன்னு கூப்பிட்டிருந்தா வந்திருப்பீங்களா?"

பஞ்சை மீண்டும் அடைத்துக்கொண்டாள். ஒரு குள்ளனின் தொண்டைமேல் கொண்ட பொறாமையால் அல்லவா என் அடியார் கூட்டத்தைக் கைவிட்டேன். இரண்டு நாள் முன்னதாகச் சொன்ன செய்தி எத்தனை பேரை எட்டியிருக்கும்? பூட்டிய மண்டபத்தின் வாசலில் தேங்காய்த் தட்டோடு நிற்கும் முகங்கள் கண்ணுக்குள் தோன்றின. உள்ளம் கரைந்தது.

எங்களுக்கு முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பிக் கச்சான் கடலைப் பொட்டலத்தை நீட்டினார். திருநீற்றுக்குக் கீழே கன்னத்தில் வேங்கைக் கோடு. சொக்கலிங்கம். அவருக்கு இப்புறமும் அப்புறமும், என் மண்டபத்து இரண்டாம் வரிசை முழுவதும். மூன்றாம் வரிசையில் பாதி.

"முந்தாநாளுதானே உங்களுக்கே சொன்னேன்," என்றேன். "அதுக்குள்ள எப்படி எல்லாருக்கும் டிக்கெட் கிடைச்சுது?"

"முந்தாநாளா?" என்றார் சொக்கலிங்கம். "நிறைவு விளக்கம் ஞாயித்துக்கிழமைதான்னு அக்கா போன மாசமே சொல்லிட்டாங்களே ஐயா."

இதனைக் கேட்டோர் இல்லத்தில் விளக்கும் சோறும் சிரிப்பும் என்றும் குறையாதிருக்க. மனைவியர் நீடூழி வாழ்க. கணவன்மாருக்கு அவர்தம் செய்திகள், ஊருக்குத் தெரியும் அன்றேனும் தெரிவதாக.