அக்கா புருஷனை நாடு கடத்திய மசோதா

கைதட்டல் சத்தம் கேட்டால் எனக்குப் புத்தி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். பிறவிக் கோளாறு. எழுபதைத் தாண்டிய பிறகு இதை ஒத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இருபத்து மூன்று வயதில் அந்தக் கோளாறு முற்றியிருந்த சமயம், இரு நாடுகளுக்கிடையே சட்ட ஒத்துழைப்பை நிலைநாட்டப் போய், சொந்த அக்கா புருஷனையே பிடித்துக் கொடுக்கப் பார்த்தேன்.

எழுபதுகளின் பின்பாதி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் கம்பெனியின் டைம் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். யார் எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார்கள் என்று எழுதுவதுதான் வேலை. (எழுதுகிறவன் எத்தனை மணிக்கு வந்தான் என்று யாரும் எழுதவில்லை.) கம்பெனி மனமகிழ் மன்றத்தின் ஆண்டு விழாவில் வழக்கமாக நாடகம் போடுவார்கள். அந்த வருடம் கதாநாயகியாக நடிக்கவேண்டிய வெல்டருக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. "மாதிரி நாடாளுமன்றம் நடத்திடலாம். எல்லாரும் வேட்டி கட்டிக்கினு வந்தா போதும்" என்றார் எங்கள் சூப்பர்வைசர். அவரே சபாநாயகர். கிரேன் ஓட்டும் ஏழுமலை நிதி மந்திரி. நான் வெளியுறவு மந்திரி.

அலுவல் இரண்டே இரண்டு. முதலில் பட்ஜெட் விவாதம். அடுத்து, ஒரு நாட்டில் குற்றம் செய்துவிட்டு இன்னொரு நாட்டுக்கு ஓடிப்போனவர்களைத் திருப்பி ஒப்படைக்கும் மசோதா. இரண்டாவது என்னுடையது. நூலகத்திலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, ஒரு வாரம் லீவு போட்டு ஊருக்குப் போனேன்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பம். வீட்டில் அப்போது அக்கா வள்ளியும் அவள் புருஷன் கோட்டையா மாமாவும் எட்டு மாதமாகத் தங்கியிருந்தார்கள். மாமாவுக்கு ஏரியின் வடகரை, ஆந்திரா பக்கம். ஏரியில் மீன் பிடிக்கும் இடத்துக்குப் பாடு என்று பெயர். எந்த நாளில் யாருக்கு எந்தப் பாடு என்பதை ஊர்கூடிச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். மாமா தன் ஊர்க்கூட்டத்தில் எழுந்து, "சீட்டு குலுக்கினதுல கோளாறு இருக்குது" என்று சொல்லிவிட்டார். சபையை அவமதித்த குற்றம். எல்லார் காலிலும் விழுந்து மன்னிப்புக் கேள், அதுவரை உனக்குப் பாடு கிடையாது என்று தீர்ப்பாயிற்று. மாமா விழவில்லை. அக்காவைத் தோணியில் ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார்.

வடகரைத் தலைவர் ரங்கையா இரண்டு தரம் ஆள் அனுப்பினார். எங்கள் குப்பத்துப் பஞ்சாயத்தில் ஒருவரான என் அப்பா, இரண்டு தரமும் "மருமகன அனுப்ப மாட்டேன்" என்று திருப்பி அனுப்பினார். அக்கா ஏழு மாதக் கர்ப்பம். இந்த மனுஷன் அங்கே போனால் காலில் விழவும் மாட்டார், முழுசாக உயிரோடு வரவும் மாட்டார் என்று அவள் பயந்து கிடந்தாள்.

இவ்வளவும் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்த வீட்டிலேயே உட்கார்ந்து, ஓடிப்போனவர்களை ஒப்படைக்கும் மசோதாவுக்கு ஒத்திகை பார்த்தேன். கொடுமை என்னவென்றால், எதிர்க்கட்சித் தலைவராக உட்கார்ந்து எனக்குப் பயிற்சி கொடுத்தவர் மாமாதான். வலை பின்னிக்கொண்டே, "ஒப்படைக்க மாட்டோம், இன்னா பண்ணுவே?" என்று கேள்வி கேட்பார். நான் பொங்குவேன். விழுந்து விழுந்து சிரிப்பார். மூன்றாம் பிரிவு மட்டும் என் நாக்கில் நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் அடுப்படியிலிருந்து அக்கா எடுத்துக் கொடுப்பாள்: "ரெண்டு நாட்டுலயும் அது குத்தமா இருந்தாத்தான் ஒப்படைக்கணும்டா, மறந்து தொலையாத."

மசோதாவின் பெயரும் என் பெயரும் அச்சடித்த நோட்டீஸை ஊரெல்லாம் கொடுத்துவிட்டு வந்தேன். அதில் ஒன்று தோணியேறி வடகரைக்குப் போய்விட்டது.

விழா ஞாயிற்றுக்கிழமை காலை. ஷெட்டில் பெஞ்சு போட்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் அப்பா, வெள்ளை வேட்டியில். இரண்டு பெஞ்சு தள்ளி, தலைப்பாகையும் கைத்தடியுமாக ரங்கையா. இறங்கிப்போய் அப்பாவை எச்சரிக்கலாமென்று எழுந்தேன். அதற்குள் மணியடித்துவிட்டார்கள்.

ஏழுமலை பட்ஜெட் வாசித்தான். துறைமுகமா, பாசனமா, மின்சாரமா என்பது கேள்வி. கரண்டு போகும்போதெல்லாம் கிரேன் கூண்டுக்குள் அந்தரத்தில் மாட்டிக்கொள்கிறவன் அவன். நாட்டின் பணம் மொத்தத்தையும் மின்சாரத்துக்கே ஒதுக்கிவிட்டான். ராணுவத்துக்கு ஏதோ கொஞ்சம். வெளியுறவுக்கு ஒன்றுமே இல்லை.

"ஏன் இல்லை?" என்று எழுந்தேன்.

"நீ இன்னா வேல பாக்குற? வெளியூருக்குப் போய் நாஷ்டா துன்னுட்டு வருவே. அதுக்கு எதுக்குப்பா பட்ஜெட்டு?"

ஷெட்டே சிரித்தது. கைதட்டல் வேறு, அதுவும் அவனுக்கு. எனக்குப் பொறுக்கவில்லை. என் மசோதாவைத் தூக்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தேன். இரு நாடுகளுக்கிடையே சட்ட உறவு இல்லாவிட்டால் உன் மின்சாரத்தைத் திருடுகிறவன் எல்லை தாண்டி ஓடுவான், யார் பிடிப்பது என்று ஆரம்பித்தேன். கொஞ்சம் தட்டினார்கள். போதவில்லை. உதாரணம் சொன்னேன்.

"வடகரையில் ஒருவன் குற்றம் செய்கிறான். தென்கரைக்கு ஓடி வருகிறான். வீட்டு மாப்பிள்ளை என்பதற்காக அவனுக்கு மீன் குழம்பு ஊற்றி வளர்ப்பதா? என் சொந்த அக்கா புருஷனாக இருந்தாலும் ஒப்படைப்பேன்!"

அப்படி ஒரு கைதட்டலை என் வாழ்நாளில் பிறகு நான் கேட்டதில்லை.

சபாநாயகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரிவுகளை வரிசையாக வாசித்தார். யாரும் கேட்கவில்லை. "ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்" என்றார். நான் இரண்டு கையையும் தூக்கினேன். மகன் பேச்சில் மயங்கிப்போன அப்பாவும் தூக்கினார். ரங்கையாவும் நிதானமாகத் தூக்கினார்.

எங்கள் ஏரிப் பக்கத்து வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். எழுத்து, கையெழுத்து எல்லாம் எங்களிடம் கிடையாது. கூட்டத்தில் தூக்கிய கை தூக்கியதுதான். கொட்டாவி விடத் தூக்கினாலும் அது சம்மதம். மீறினால் எந்தக் குப்பத்திலும் பாடு கிடைக்காது.

கூட்டம் கலைந்ததும் ரங்கையா அப்பாவிடம் வந்தார். "சரி, மாணிக்கம். உம் புள்ளையே சொல்லிட்டான். நீயும் கை தூக்கிட்டே. வா, கோட்டையாவ அனுப்பி வையி."

சூப்பர்வைசர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். "ஐயா, இது சும்மா. மாதிரி சபை. விளையாட்டு."

ரங்கையா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வெள்ளாட்டுக்கு எவனாவது கையத் தூக்குவானா சார்?"

அப்பா என்னைத் திட்டவில்லை. "எம் புள்ள பேசறானேன்னு தூக்கிட்டேன்" என்றார், அவ்வளவுதான். அடித்திருந்தால் தேவலை. ஏரிக்கரைச் சுண்ணாம்புக்குளம் வரை பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனோம். நடுவில் நான். வழி முழுக்க ஏழு மாத வயிற்றோடு அக்கா நிற்பதுதான் கண்ணில் நின்றது. ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். (ஜன்னல் சீட்டு ரங்கையாவிடம் இருந்தது.)

வீட்டு வாசலில் மாமா அதே வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். "இன்னா மந்திரி, ஜெயிச்சியா?" என்று கேட்டவர், பின்னால் வந்த ரங்கையாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அப்பா தலையைக் குனிந்தபடி நடந்ததைச் சொன்னார்.  மாமா உள்ளே போய்த் துணிப்பையை எடுத்துக்கொண்டு வந்தார். மாமனார் தூக்கிய கை வீணாகக்கூடாது என்று நினைத்தாராம், பிறகு சொன்னார்.

அக்கா அந்தப் பையை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"மூணாவது பிரிவு இன்னாடா?" என்றாள் என்னிடம்.

 எனக்கு அப்போதும் மறந்துதான் போயிருந்தது.

"ரெண்டு நாட்டுலயும் குத்தமா இருந்தாத்தான் ஒப்படைக்கணும்" என்று அவளே சொல்லி, ரங்கையா பக்கம் திரும்பினாள். "சீட்டுல கோளாறுன்னு சொன்னது உங்க ஊர்ல குத்தம். எங்க ஊர்ல அது குத்தமே கெடையாது. எங்க நைனாவே வருசா வருசம் சொல்லிக்கினு கீறாரு. வேணும்னா தெருவுல கேளுங்க!"

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த குப்பமே, "ஆமா, நானும் சொல்லிக்கீறேன்", "நான் போன மாசங்கூடச் சொன்னேன்" என்று கத்தியது. அப்பா முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தார்.

ரங்கையா கைத்தடியை ஊன்றிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். "கண்ணாடிக்காரரு அதையும் படிச்சாரு" என்றார். "நானுந்தான் கை தூக்கினேன். பேஜாராப் போச்சு."

அக்கா அவருக்குச் சோறு போட்டாள். மீன் குழம்பு. இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தோணியேறினார். அடுத்த வருடக் குலுக்கலுக்கு முன்னால் வடகரையிலும் ஊர் கூடி, சீட்டில் கோளாறு என்று சொல்வது இனிமேல் குற்றமில்லை என்று கை தூக்கினார்கள். தோளில் குழந்தையோடு மாமா நிமிர்ந்தபடி ஊர் திரும்பினார். நாட்டில் எந்த வெளியுறவு மந்திரியும் இவ்வளவு சாதித்திருக்க மாட்டான் என்பது என் கட்சி. வீட்டில் யாரும் அதை ஏற்பதில்லை.

போன மாதம் என் பேத்தியின் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் எழுந்து, "எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்று கேட்டார். ஃபேன் காற்றில் முடி கண்ணில் விழுந்தது. ஒதுக்கிவிடலாமென்று கையைத் தூக்கினேன்.

எதிர் வரிசையில் தூங்கிவழிந்துகொண்டிருந்த கோட்டையா மாமா, எண்பதை நெருங்குகிற மனுஷர், திடுக்கென்று எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"வள்ளி, என் பைய எடு."