கழுவிப் பார்க்காதவர்

ஆய்வுக்கூடங்களில் இலைக்காதலர் என்றோர் இனம் உண்டு. வெள்ளைக் கோட்டின் பையில் எப்போதும் ஒரு காய்ந்த இலை இருக்கும். அதைப் பற்றி நீங்கள் கேட்டால் அரை மணி நேரம் பேசுவார், கேட்காவிட்டால் முக்கால் மணி நேரம்.

இவர் வேலை லேசானதல்ல. சில மாத்திரைகளை விழுங்கிவிட்டு வெயிலில் போனால் தோல் வெந்துவிடும். மருந்தும் புற ஊதாக் கதிரும் கைகோத்துச் செய்கிற அக்கிரமம் அது. எந்தச் செடியின் சாறு அதைத் தடுக்கும் என்று கண்டுபிடிக்க, சின்னச் சின்னக் குழிகள் கொண்ட தட்டில் செல்களை வளர்த்து, மருந்தை விட்டு, சாற்றை விட்டு, விளக்கின் கீழே வைத்து, பிழைத்தவை எத்தனை என்று எண்ண வேண்டும். எண்ணத்தான் கருவி இருக்கிறதே, இவர் எதற்கு? நம்புவதற்கு! செல்கள் பிழைத்தால் இலையின் மகிமை. செத்தால் விளக்கு சரியில்லை, தட்டு சரியில்லை, செல்களுக்கே ஒத்துழைக்கிற புத்தி இல்லை.

போன வாரம் எல்லாமே பிழைத்துவிட்டன. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து மேசை ஆய்வாளர் தட்டை எட்டிப் பார்த்தார். சாறு பால் விடாத காப்பி மாதிரி இருந்தது.

"சார், இவ்வளவு கறுப்பா இருந்தா வெளிச்சம் எப்படி உள்ள போகும்? செல்லெல்லாம் சும்மா நிழல்ல உக்காந்திருக்கும். சாறைக் கழுவிட்டு விளக்கைப் போட்டுப் பாத்தீங்களா?"

"நல்லா வேலை செய்யறதை எதுக்கும்மா கழுவணும்?"

இவர் மனைவியும் அப்படியொரு மாத்திரைதான் சாப்பிடுகிறார். பகலெல்லாம் திரைச்சீலைக்குப் பின்னால்தான் வாசம். ஆனால் மகள் ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிறாள். அதைப் பார்க்காமல் இருக்க அந்தத் தாயால் முடியாது. இலைக்காதலர் சாற்றுப் பாட்டிலோடு வந்து நின்றார்.

"முகத்துல பூசிக்கோ. தைரியமாப் போகலாம்."

"இதைப் பூசிட்டுப் போனா பொண்ணுக்கு என்னை அடையாளம் தெரியுமாங்க?"

கடைசியில் மனைவி, கணவர் மனம் நோகக்கூடாதே என்று ஒரு கையில் மட்டும் பூசிக்கொண்டு, மீதி உடம்பைத் துணியால் மூடி, பெரிய குடையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். மைதானத்தில் சாறு பூசிய கை மட்டும் குடைக்கு வெளியே நீண்டிருந்தது. மகள் ஓடினாள், அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது. இவர் செய்ய மறுத்த சோதனையை வியர்வை செய்து முடித்தது. சாயங்காலம் அந்த ஒரு கை மட்டும் செக்கச் செவேலென்று எரிந்தது.

கையைப் பார்த்ததும் இலைக்காதலர் முகம் வாடிவிட்டது. பாவம், மனைவிமேல் உயிர். களிம்பை எடுத்துப் பதமாகத் தடவிவிட்டார். எனக்கே இரக்கம் வந்தது, அவர் வாயைத் திறக்கும்வரை.

"இலை நல்ல இலைதான். உன் வியர்வைதான் சரியில்லை."

சிரிக்கிறீர்கள். தெரிந்தவர் யாரையோ நினைத்துக்கொண்டுதானே? உங்களுக்கும் செல்லமான ஒரு கருத்து இருக்குமே. பலித்தால் அதன் பெருமை, பலிக்காவிட்டால் அடுத்தவர் தப்பு. அதை என்றைக்காவது கழுவிப் பார்த்ததுண்டா? எதற்கும் உங்கள் சட்டைப் பையை ஒருமுறை தடவிப் பாருங்கள். காய்ந்த இலை ஏதாவது தட்டுப்படலாம்.