பச்சை ஸ்கூட்டரும் ஒரு சின்ன 'க்யூ'வும்

ஆஸ்டின் டவுன் லாயிடுக்கு அந்த வெள்ளிக்கிழமை கால் தரையில் பாவவில்லை. பின்னே? அடுகோடியில் அவன் வேலை பார்த்த குட்டி சாஃப்ட்வேர் கம்பெனியில் ஒரு பெரிய தகராறைத் தீர்த்து வைத்துவிட்டல்லவா வந்திருந்தான்.

அங்கே ஒரு புரோகிராம். ஃபைல்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றும். மவுஸ் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையை டைப் அடிக்க வேண்டும். கட்டளைக்குப் பின்னால் ஒரு சின்னக் கோடு போட்டு 'வி' என்று அடித்தால், செய்வதையெல்லாம் வரி வரியாகச் சொல்லிக்கொண்டே செய்யும். இரண்டு 'வி' அடித்தால் எதற்குச் செய்கிறது, எப்படிச் செய்கிறது என்கிற புராணமும் சேர்ந்து வரும். 'க்யூ' அடித்தால் கப்சிப். தப்பு நடந்தால் மட்டும் வாயைத் திறக்கும். பேச வேண்டியபோது பேசுகிறதா, மூட வேண்டியபோது மூடுகிறதா என்று சோதித்துப் பார்ப்பதுதான் லாயிடின் உத்தியோகம்.

புரோகிராமை எழுதிய சீனு அன்றைக்கு மண்டையைச் சொறிந்துகொண்டு நின்றான். 'க்யூ'வில் ஓடும்போது, பழைய ஃபைலை அழிக்கலாமா என்று கேட்க வேண்டிய கட்டம் வந்தால் கேட்பதா, வேண்டாமா? லாயிட் மேஜையை ஒரு தட்டுத் தட்டினான். க்யூ என்றால் கேள்விக்கே இடமில்லை, 'சரி' என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு வேலையை முடிக்க வேண்டியதுதான் என்று தீர்ப்புச் சொன்னான். மேனேஜரும் தலையாட்டிவிட்டார்.

இந்த வீரப்பிரதாபத்தை வீட்டுக்கு வந்ததும் மனைவி பிரிஜெட்டிடம் அளந்தான். அவளுக்குப் பிறவியிலேயே இரண்டு 'வி'. ஆனாலும் அன்று அவரைக்காய் உரித்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டாள். ஒரே ஒரு சந்தேகம்தான் அவளுக்கு.

"கேக்காமலே சரின்னு எடுத்துக்குமா?"

"எடுத்துக்கணும். ரூல் போட்டதே நான்தான்."

பிரிஜெட் விடாமல் பேசுகிற விஷயம் ஒன்று உண்டு. வாசலில் நின்ற பச்சை ஸ்கூட்டர். லாயிட் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. காலையில் அவன் உதைக்கிற உதையில் தெருவே எழுந்துவிடும், ஸ்கூட்டர் மட்டும் எழுந்திருக்காது. பூசைக்குப் போகிற வழியில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளுவது அவள். வித்துத் தொலைங்க என்று அவள் சொல்லாத நாளில்லை. அவனுக்கோ அது உயிர். என்னை வித்துட்டு அப்புறம் அதை வில்லு என்பான். உங்களை யாரு வாங்குவா என்பாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை இந்தியா ஆடுகிற மேட்ச். லாயிடுக்குத் திடீரென்று ஒரு அபாரமான யோசனை உதித்தது. ஆபீசில் செல்லுபடியாவது வீட்டில் ஆகாதா என்ன?

"பிரிஜெட், இன்னிக்கு மேட்ச் முடியற வரைக்கும் நீ க்யூ. ஏதாவது தப்பு நடந்தா மட்டும் சொல்லு. மத்தபடி மூச்சு விடக்கூடாது."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ஸ்டார்ட்."

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகா, அந்த நிம்மதியை என்னவென்று சொல்வது! சத்தமில்லாமல் டீ வந்தது. சத்தமில்லாமல் வடை வந்தது. லாயிட் நாற்காலியில் உட்காரவே முடியாமல் குதித்துக்கொண்டிருந்தான், பாதி மேட்சுக்காக, பாதி தன் மூளைக்காக. நடுவில் வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள். ஏதோ குசுகுசுவென்று பேச்சு. பிறகு தெருவில் ஒரு ஸ்கூட்டர் ஒரே உதையில் கிளம்பிப் போனது. ஒரே உதையில் கிளம்பியதால் அது தன்னுடையதாக இருக்கவே முடியாது என்று அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசி ஓவர் பாக்கி. டீவியில் விளம்பரம் வந்தது. துள்ளிக்கொண்டு காற்று வாங்க வாசலுக்கு வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். ஸ்கூட்டர் நின்ற இடத்தில் கொஞ்சம் எண்ணெய்தான் இருந்தது.

"பிரிஜெட், ஸ்கூட்டர் எங்கே?"

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "வித்தாச்சு."

"வித்தாச்சா? என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"க்யூல கேள்வி கிடையாதே. நீங்க சரின்னு சொன்னதா எடுத்துக்கிட்டேன்."

"வித்தப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"தப்பு நடந்தாத்தானே சொல்லணும்? எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது."

லாயிடுக்கு அழுகையே வந்துவிட்டது. வாங்கினவன் யார், எந்தப் பக்கம் போனான் என்று தெரிந்தால் ஓடிப் போய்க் காலில் விழுந்தாவது திருப்பி வாங்கிவிடலாம். கேட்டுப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். மேட்ச்தான் இன்னும் முடியவில்லையே, பிரிஜெட் உதட்டைப் பிரிக்கவில்லை. உள்ளே டீவியில் கடைசி ஓவருக்கு ஜனங்கள் ஹோவென்று கத்தினார்கள். அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அம்மா தாயே, பேஜாரு பண்ணாதே. க்யூவை எடுத்துட்டேன், வாயைத் திற."

"எத்தனை 'வி'?"

"ரெண்டு. ரெண்டு 'வி' போட்டுச் சொல்லு."

பிரிஜெட் எழுந்து போய் டீவியை அணைத்தாள். அவனுடைய நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

"கீழே உக்காருங்க. அந்த ஸ்கூட்டரைத் தள்ளிக்கிட்டே நீங்க என்னைப் பொண்ணு பார்க்க வந்தீங்களே, அங்கேயிருந்து ஆரம்பிக்கிறேன்."