மாப்பிள்ளை வளர்த்த துரு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். நீயும் உன் அலுவலகப் பயிற்சியும் நலமென்று நம்புகிறேன். மாப்பிள்ளையும் நலம்தான், ஆனால் மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்தார். அவர் சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை.

நீ இல்லாத வீட்டில் பொழுது போகாமல் கிடந்தவனை, "வாங்க மாமா, எங்க டிபார்ட்மெண்டைப் பாருங்க" என்று பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப் போனதே அவர்தான். வாசலில் ஒரு பலகை. எந்தப் பேராசிரியருக்கு எதில் ஆராய்ச்சி ஆர்வம் என்று வரிசையாக எழுதியிருந்தது. ஒருவர் உலோகத்தை உடைக்கிறாராம். அடுத்தவர் அது உடையும்வரை வளைக்கிறாராம். ஓர் அம்மா பீங்கானைச் சுட்டுச் சுட்டு ஆறவைக்கிறாராம். நம்ம மாப்பிள்ளை பேருக்கு நேரே 'துரு' என்று போட்டிருந்தது. முப்பது வருஷம் பஸ் டிப்போ ஒர்க்‌ஷாப்பில் துருவோடு மல்லுக்கட்டியவன் நான், மனசு குளிர்ந்துபோச்சும்மா. துருவை ஒழிக்கிறார்னுதானே நினைப்பேன்? வளர்க்கிறார்னு யாருக்குத் தோணும்!

அவர் வகுப்பெடுக்கப் போயிட்டார். அறையில் உப்புத்தண்ணித் தொட்டி, அதுக்குள்ள பன்னிரண்டு இரும்புத் தகடு. கண்கொண்டு பார்க்க முடியலை. மேசையிலேயே உப்புத்தாள் வேற கிடந்தது. கை சும்மா இருக்குமா? வியர்த்து விறுவிறுக்க ஒரு மணி நேரம் தேய்ச்சேன். முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு பளபளப்பு. மாப்பிள்ளை வந்தார், பார்த்தார், நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டார். "மாமா... மூணு வருஷம்"னார். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த வாரம் அந்தத் துருவை எடைபோட்டுக் கட்டுரை எழுதணுமாம், அதை வச்சுத்தான் பதவி உயர்வாம்.

இன்னைக்குக் காலையில்தான் வாயைத் திறந்தார். "விடுங்க மாமா, இன்னொரு இடத்துல வெறும் காத்து மழையில நாலு வருஷமா ஒண்ணு துருப்பிடிச்சுக்கிட்டிருக்கு. அதை வச்சு ஒப்பேத்திடறேன்." தங்கமான மனுஷன்! இனி அவர் டிபார்ட்மெண்ட் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன், இது சத்தியம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நீயும் அவரும் நூறு வருஷம் துருப்பிடிக்காமல் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: மாப்பிள்ளை மன்னித்த சந்தோஷத்தில், அவர் வேலைக்குப் போனதும் உங்கள் வீட்டுப் பின்வாசல் கேட்டைச் சுரண்டித் தேய்த்து, பச்சைப் பெயிண்டும் இரண்டு கோட் அடித்து முடித்தேன். இப்போதுதான் அவர் வந்து பார்த்தார். அந்த 'இன்னொரு இடம்' அதுதானாம். பயிற்சி கிடக்கட்டும், நீ உடனே கிளம்பி வாம்மா.