கண்ணைக் கெடுக்க ஒரு டேப்

பெற்ற மகளின் கண்ணைக் கெடுத்தே தீருவது என்று தாவீது முடிவு பண்ணிவிட்டான்.

அப்பன் செய்கிற வேலையா இது என்று நீங்கள் அடிக்க வருமுன் சொல்லிவிடுகிறேன், மனுஷன் கெட்டவன் இல்லை. கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டுகிறவன். நாற்பதடி உயரக் கூண்டில் உட்கார்ந்து பழுக்கக் காய்ச்சிய கம்பியைத் தூக்குகிறவன். உயரத்தின் பயம் உயரத்தில் இருப்பவனுக்குத்தானே தெரியும்! பிளஸ் டூ படிக்கிற ஒரே மகள் கிறிஸ்டினா, "நைனா, நான் பைலட் ஆவப் போறேன்" என்று சொன்னதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. மகள் முகம் வாடினால் தாங்க மாட்டான்.

வழி காட்டியது மனைவி ஆரோக்கியமேரிதான். கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"பைலட்டுக்கு எல்லாமே கண்ணுதானாம்யா. கண்ணாடி போட்டா சேத்துக்க மாட்டாங்களாம்."

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. அதான் தெனம் பொன்னாங்கண்ணி ஆக்கிப் போடறேன். ஒரு வருஷமா படிக்கறதுக்கு டேப்லெட் கேட்டுக்கினு கீறாளே, மனசு எறங்கி வாங்கிக் கீங்கிக் குடுத்துடாதே. நாளெல்லாம் அதையே மொறைச்சுக்கினு கெடந்தா கண்ணு அவுட்டு."

ஒரு வருஷமாக 'டேப்பும் வேணாம் கீப்பும் வேணாம்' என்று கையை விரித்தவன், மறுநாள் ஷிப்ட் முடிந்த கையோடு புதுவாயல் செல்போன் கடையில் போய் நின்றான்.

"இருக்கறதுலயே கண்ணு கூசற மாதிரி ஒண்ணு குடுங்க" என்றான். கடைக்காரர் அவனை ஒரு மாதிரி பார்த்தார்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்தது எந்த வீட்டிலும் நடக்காது. "கிட்ட வெச்சுப் பாரும்மா" என்று நடுராத்திரியிலும் அப்பன் கெஞ்சினான். "போதும் நைனா, தூக்கம் வருது" என்று மகள் ஓடினாள். அவள் தட்டுக் கீரையையும் இவனே வழித்துத் தின்றான். ரெண்டே மாசத்தில் புதுவாயலில் நின்றபடியே காட்டுப்பள்ளித் துறைமுகத்துக் கப்பலில் பேர் படிக்கிற அளவுக்கு இவன் பார்வை கூர்மையாகிவிட்டது.

"இன்னாயா, எந்நேரமும் டேப்பும் கையுமா கீறா, நீ கேக்க மாட்டியா?" என்பாள் மேரி.

"படிக்கட்டும், வுடு."

அவள் என்ன படிக்கிறாள் என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் மட்டும் மாதா முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

பிளஸ் டூ முடிந்தது. விமானப் பயிற்சிப் பள்ளி நுழைவுத் தேர்வில் கிறிஸ்டினா உதவித்தொகையோடு பாஸ். சேருவதற்கு முன்னால் கண்ணைக் காட்டிவிடலாம் என்று மூன்று பேரும் திருவள்ளூர் கண் டாக்டரிடம் போனார்கள்.

"அரை பவர் இருக்கு" என்றார் டாக்டர்.

தாவீது கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டான். சிரிப்பு வேறு, குற்ற உணர்ச்சி வேறு. எதை மறைப்பது என்று அவனுக்கே தெரியவில்லை.

"பாவம் என் பொண்ணு. இனிமே பைலட் ஆவ முடியாது, இல்லீங்களா?"

"யார் சொன்னது? கண்ணாடி போட்டுக்கிட்டு கடைசி வரி வரைக்கும் சரியா படிச்சா போதும். கலர் பிரிச்சுப் பாக்கத் தெரியணும், அதுவும் பக்கா. போன வருஷம் இருந்த அதே அரை பவர்தான், ஏறவே இல்ல. பொண்ணோட அம்மாகிட்ட அப்பவே எல்லாம் சொன்னேனே."

கிறிஸ்டினா கைப்பையைத் திறந்து, ஒரு வருஷப் பழைய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் தாவீது மனைவியை ஓரமாக இழுத்தான்.

"கண்ணாடி போட்டா சேத்துக்க மாட்டாங்கனு சொன்னியே மேரி?"

"சொல்லலன்னா நீ டேப் வாங்கினு வந்திருப்பியா? அதுல படிச்சுதான் பாஸ் பண்ணியிருக்கா."

"அப்ப... நான் எதுக்கு வாங்கனேன்னு உனக்குத் தெரியுமா?"

"இருபது வருஷமா உங்கூடத்தான குப்பை கொட்டறேன். பயப்படாதேயா, நம்ம பொண்ணு பத்திரமா எறங்குவா." அவன் சட்டைக் காலரைச் சரி பண்ணிவிட்டாள். "கிளாஸுக்கு இப்ப லேப்டாப் வேணுமாம். இந்த வாட்டி எது கெட்டுப்போவும்னு சொன்னா வாங்கித் தருவே?"