இனித் தூக்கிப் போடாது, அக்கா

என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் சுகம். அங்கே நீயும், முக்கியமாக உன் இடுப்பும், சுகமாக இருக்கவேண்டும். போன் செய்தால், "ஜீப்ப வித்துட்டியா?" என்று ஒரே கேள்வி கேட்கிறாய், நான் "அது வந்துக்கா..." என்று இழுப்பதற்குள் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்கமுடியாது, கண் தானாகவே அடுத்த வரிக்குப் போய்விடும் என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

போன தடவை உன்னை அழைத்துவரும்போது பாதி வழியில் "நிறுத்துடா!" என்று ஒரு கத்து கத்தி இறங்கினாய். ஒரு வாடகைக் காரை மடக்கி வந்த வழியே திரும்பினாய். கதவைச் சாத்துமுன், "இந்த வண்டி உன்கிட்ட இருக்கற வரைக்கும் உன் வாசப்படிய மிதிக்கமாட்டேன்" என்றாய். நீ சொன்னால் சொன்னதுதான், எனக்குத் தெரியாதா? அத்தான் போனபிறகு அத்தனை பெரிய வீட்டில் நீ ஒற்றை ஆளாக டிவியோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பதை நினைத்தால் சாப்பாடு இறங்கமாட்டேன் என்கிறது. உனக்காக முன்னறையைக் காலிசெய்து, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து, கட்டிலும் போட்டாயிற்று. நீ வந்து எங்களோடேயே இருக்கவேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. ஜீப்பை விற்றால் நாளைக்கே வருவாய். ஆனால் பாழாய்ப்போன மனசு கேட்கவில்லையே! அதனால் ஜீப்பைத் திருத்தக் கிளம்பினேன்.

எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. பாறை, சேறு, ஆற்றுமணல் எதுவும் அதற்கு ஒரு பொருட்டில்லை. அப்பேர்ப்பட்டது, நல்ல தார் ரோட்டில், சுண்டுவிரல் ஆழத்துப் பள்ளத்துக்கு ஏன் இந்தக் குதி குதிக்கிறது? பள்ளிக்கூட லேப்பில் காலம் தள்ளியவன் நான், எதையும் அளக்காமல் நம்பமாட்டேன். என் உடம்பை வைத்து அளக்கமுடியாது. அது இந்த வண்டியில் அடிவாங்கி மரத்துப்போயிற்று. உன் தம்பி பெண்டாட்டி, "ஆள விடுங்க சாமி" என்று கும்பிட்டுவிட்டாள். கடைசியில் மாட்டினார் மாடிவீட்டுக்காரர். அவருக்குப் பல்செட்டு, கொஞ்சம் தொளதொள. வண்டி ஒரு தூக்குத் தூக்கினால் வாய்க்குள் 'கடக்' என்று ஒரு சத்தம் வரும். இதைவிட நல்ல கருவி எந்த லேப்பிலாவது உண்டா, நீயே சொல்! தெருமுனையிலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை ஒரே வேகத்தில் நான் ஓட்டவேண்டியது, அவர் வாயைத் திறக்காமல் உட்காரவேண்டியது, ஒவ்வொரு 'கடக்'கையும் நான் எண்ணவேண்டியது. நடுவில் பேசினால் கணக்குக் கெட்டு மறுபடி முதலிலிருந்து. மனுஷன் முகம் சுளிக்காமல் சம்மதித்தார். வீட்டிலும் அவருக்கு அதே நிபந்தனைதானாம்.

முதலில் மெத்தைக் கடைக்குப் போனேன். "சார், குலுங்கறது எங்க தெரியுது? உக்கார்ற இடத்துல. அப்ப வைத்தியம் எங்க பண்ணணும்?" என்று கடைக்காரர் கேட்டார். யோசித்துப் பார்த்தேன், சரியாகத்தான் பட்டது. சீட்டின்மேல் ஒரு முழ உயரத்துக்கு ஸ்பாஞ்சு போட்டார். ஏறி உட்கார்ந்தால் தலை கூரையில் முட்டியது, ரோட்டைப் பார்க்க நான் கும்பிடு போடுகிற மாதிரி குனியவேண்டியிருந்தது. பள்ளம் வந்தால் முதலில் அமுங்கி, அப்புறம் நிதானமாக எகிறினோம். 'கடக்' ஒன்றுகூடக் குறையவில்லை, கூடுதலாகத் தலையில் 'டம்' வேறு. பிரித்து எடுத்துவிட்டேன். அந்த ஸ்பாஞ்சு வீண்போகவில்லை, உன் கட்டிலில் கிடக்கிறது.

அடுத்து மெக்கானிக். "ஷாக் அப்சார்பர் செத்துப்போச்சு சார். இருக்கறதுலயே கெட்டியானதா போட்டுடலாம், அப்புறம் பாருங்க, சும்மா மிதக்கும்" என்றார். "கெட்டியா இருந்தா எப்படிப்பா மெத்துனு போகும்?" என்று கேட்டேன். "நீங்க ரொம்ப யோசிக்கறீங்க சார்" என்றார். போட்டபிறகு, ரோட்டில் ஒரு நாணயம் கிடந்தால் பூவா தலையா என்று உட்கார்ந்த இடமே சொல்லிவிடும் போலாகிவிட்டது! மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "இது முன்ன லோடு அடிச்ச வண்டியாச்சே. அடியில இருக்கற ஸ்பிரிங் பட்டை எல்லாம் பாரத்துக்குன்னு போட்டது. பாரம் இல்ல, அதான் துள்ளுது" என்றார். அட, இது நல்ல சங்கதியாக இருக்கிறதே என்று பின்னால் மணல்மூட்டைகளை அடுக்கி ஓட்டிப் பார்த்தேன். அக்கா, சத்தியமாகச் சொல்கிறேன், 'கடக்' பாதியாகக் குறைந்தது. ஆனால் வண்டி பின்பக்கம் உட்கார்ந்து மூக்கைத் தூக்கிக்கொண்டது. சாயங்காலம் விளக்கைப் போட்டால் வெளிச்சம் ரோட்டில் விழாமல் எல்லார் வீட்டு மாடிக்கும் போனது. மேலே துணி எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "யோவ், வீட்டுக்குள்ள என்னத்தய்யா தேடற?" என்று கத்தினார். மாடிவீட்டுக்காரர் எனக்காகப் பதில் சொல்ல வாயைத் திறந்தார். கணக்குக் கெட்டுவிடும் என்று நான் அவர் வாயைப் பொத்தினேன். அந்த அம்மாளுக்கு அது இன்னும் சந்தேகமாகப் போய்விட்டது. ரெண்டு பேரும் தலைதெறிக்க வந்து சேர்ந்தோம்.

பாரத்தை ஏற்றுவதற்குப் பதிலாகப் பட்டையைக் குறைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. மெக்கானிக்கும் சரி என்றார். கழற்றிப் பார்த்தால் பட்டைகள் ஒன்றோடு ஒன்று துருவேறி ஒட்டிக்கிடக்கின்றன. ஒன்றின்மேல் ஒன்று வழுக்கினால்தானே வண்டி மெத்தென்று போகும்? அவற்றின் முனைகளில் அதிர்ச்சி தாங்க மாட்டியிருந்த ரப்பர் புஷ் எல்லாம் கையில் எடுத்தால் பொடி. சுரண்டி, கிரீஸ் தடவி, ஒரு பட்டையை உருவி, புது ரப்பர் போட்டு, ஷாக்கையும் கொஞ்சம் மிருதுவானதாக மாற்றினோம். முக்கால்வாசி சரியாயிற்று. மிச்சம் கால்வாசி எங்கே ஒளிந்திருக்கிறது என்றுதான் பிடிபடவில்லை. அதே நினைப்பாகிவிட்டது எனக்கு, சாப்பிடும்போதுகூடத் தட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதைக் கண்டுபிடித்தவள் உன் தம்பி பெண்டாட்டி. டயரின்மேல் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு ஒரு புள்ளி குறையாமல் காற்று அடிப்பது என் வழக்கம், உனக்கே தெரியும். பெட்ரோல் பங்கில் நான் அடித்துக்கொண்டிருந்தபோது, "ஏங்க, அது டயர் தாங்கற அளவா, அடிக்கவேண்டிய அளவா?" என்று கேட்டாள். "எழுதியிருக்குல்ல!" என்றேன். "துணிக்கடைப் பையில அஞ்சு கிலோ தாங்கும்னு எழுதியிருந்தா, அஞ்சு கிலோவுக்குத் துணி எடுத்தே தீரணுமா? அப்படின்னா வாங்க, இப்பவே போகலாம்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கதவோரம் வண்டி செய்தவர்கள் அளவு போட்டிருப்பார்கள்; நான்தான் அதன்மேல் பெயிண்ட் அடித்து மூடியிருந்தேன். சுரண்டிப் பார்த்தால், நான் அடித்ததில் பாதிதான் இருக்கிறது! இத்தனை வருஷமாக நாலு பாறாங்கல்லை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறேன். காற்றை இறக்கி ஓட்டினேன். தண்ணீர்த் தொட்டிவரை ஒரு 'கடக்' இல்லை. பயந்துபோய், "பல்செட்ட வீட்லயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டேன். வாயைப் பிளந்து காட்டினார், இருந்தது. "இன்னொரு ரவுண்டு போலாமே" என்றார்.

ஆகவே, அக்கா, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜீப்போடு உன் வாசலில் நிற்பேன். வழியில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை உன்னைத் தூக்கிப் போட்டால், அன்றைக்கே விற்றுவிடுகிறேன், இது உன்மேல் ஆணை. மாட்டேன் என்று மட்டும் சொல்லாதே.

உன் தம்பி பெண்டாட்டி உன்னை ரொம்பக் கேட்டாள். மாடிவீட்டுக்காரர் வாயைத் திறந்தே விசாரித்தார். உன் ஆசி எனக்கும், என் ஜீப்புக்கும் வேண்டும்.

உன் சொல் தட்டாத (இது ஒன்றைத் தவிர),
தம்பி

பின்குறிப்பு: அக்கா, ஞாயிற்றுக்கிழமைவரை பொறுக்கமுடியாமல், கடிதத்தை நேரிலேயே கொடுத்துவிடலாம் என்று கிளம்பி வந்துவிட்டேன். உன் வீடு பூட்டிக்கிடக்கிறது. "பையெல்லாம் எடுத்துக்கிட்டு, தம்பி வீட்டுக்குப் போறேன்னு காலையிலயே பஸ் ஏறிட்டாங்களே!" என்கிறார் எதிர்வீட்டு அம்மாள். அதற்குள் வீட்டிலிருந்து போன். "எங்க போய்த் தொலைஞ்சீங்க? உங்க அக்கா வந்து உக்காந்திருக்காங்க" என்றாள் அவள். அப்புறம் நீ போனை வாங்கி, "டேய், அந்த பஸ்ஸுக்கு உன் ஜீப்பே தேவலாம்டா" என்றாய். "என்னக்கா, வரவே மாட்டேன்னியே?" என்று கேட்டேன். "தனியா உக்காந்துக்கிட்டு எத்தனை நாள்டா கோவமா இருக்கறது? கோவப்படறதுக்கும் பக்கத்துல ஒரு ஆள் வேணாமா? சீக்கிரம் வா" என்று சொல்லி வைத்துவிட்டாய். போனை வைத்தபிறகு கொஞ்ச நேரம் உன் வாசப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன், எதிர்வீட்டு அம்மாள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். இன்னொன்று. இந்த வண்டி வரும் வழியில் தூக்கிப் போட்டதா இல்லையா என்று என்னைக் கேட்காதே. என்ன சொல்லி உன்னைக் கூப்பிடுவது என்ற யோசனையிலேயே வந்தேன், கவனிக்கவே இல்லை.